நாலு இல்ல, பதினாலு

12 ஜூன் 2024, புதன்

எனக்கு ஏழாவது இடம். தமிழ்நாட்டின் டாப் டென் அண்டர்கிரவுண்ட் ராப்பர்ஸ் என்று இன்ஸ்டாவில் யாரோ ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஏழாவதாக: செல்லக்கிளி, நெய்வேலி. போட்டோவில் பாதிக் கண் மூடியிருக்கிறேன். வேறு போட்டோவே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

கீழே கமெண்டில் அடிதடி. 'கேட் பாஸ்' பாட்டை நாலு லட்சம் பேர் பார்த்தாயிற்று, இவள் எப்படி அண்டர்கிரவுண்ட் ஆவாள் என்று ஒருவன். மியூசிக் லேபிளில் சேராத வரைக்கும் அண்டர்கிரவுண்ட்தான் என்று இன்னொருவன். பத்தாயிரம் வியூஸ் தாண்டினாலே அவுட் என்று மூன்றாவது ஆள் சட்டம் போடுகிறான். பொண்ணுங்க எதுக்கு ராப் பண்றாங்க என்று ஒரு ஜென்மம். அதற்கு நாற்பது லைக்.

அப்பாவிடம் காட்டினேன். அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் சுத்தம் செய்கிற காண்டிராக்ட் தொழிலாளி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நம்ம மைன்ஸ்ல அண்டர்கிரவுண்டே கெடையாதேம்மா. எல்லாம் ஓப்பன் காஸ்ட்டு. மேலேருந்து மண்ண வெட்டிக்கினே கீழ போறது. யாரு எழுதனது இது? விசாரிக்காம எழுதியிருக்காங்க."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. படுக்கப் போகும்போதுதான் யோசித்தேன். அண்டர்கிரவுண்ட் என்றால் என்ன? ஊருக்குத் தெரியாமல் இருப்பதா? எங்கள் ஊர் வடக்குத்தில் டீக்கடைக்காரர் முதல் என்னை எல்லோருக்கும் தெரியும்.

14 ஜூன், வெள்ளி

பாட்டு வந்த கதையை எழுதி வைக்கிறேன். பின்னால் நானே மறந்து பீலா விடக்கூடாது.

நாலு வருடமாகக் காண்டிராக்டர் ஆபீஸில் கேட் பாஸ் அடிக்கிற வேலை எனக்கு. மைன்ஸ் கேட்டுக்குள் போக ஒவ்வொரு தொழிலாளிக்கும் போட்டோ ஒட்டிய பாஸ் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரினீவல். ரினீவல் ஆகாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, ஏன் என்று கேட்கவும் ஆள் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் பெயர், வேலை, சேர்ந்த தேதி, போட்டோ எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸைத் தட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரின் பெயரை வைத்து எழுதினேன்.

மாரியம்மா, நாலு வருசம், மண்ணு கூட்டறாங்க
தனகோடி, நாலு வருசம், பெல்ட்டு தொடைக்கறாங்க
கேட்டுல நிக்கறேன், போட்டோல நான்தான்
மூணு மாசத்துக்கு மட்டுந்தான் நான்தான்

பீட் நிலவனுடையது. முத்தாண்டிக்குப்பத்துக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன், மெயின் பஜாரில் மொபைல் ரிப்பேர். பெல்ட் ஓடுகிற சத்தத்தை அப்பா போனில் பிடித்துக் கொடுத்தார், அதையே தாளமாக்கினான். பெரிய கைகாரன். இதை அவனிடம் சொல்ல மாட்டேன்.

16 ஜூன், ஞாயிறு

இரண்டாவது பாட்டு எழுத உட்கார்ந்தேன். ஒரு வரியும் வரவில்லை. பலாப்பழம் சாப்பிட்டுத் தூங்கினேன்.

19 ஜூன், புதன்

சென்னையிலிருந்து போன். அசோக்குமார், பாட்டு வெளியிடுகிற ஒரு மியூசிக் லேபிளின் ஆள். 'கேட் பாஸை' புதிதாகப் பதிவு செய்து, வீடியோ எடுத்து, பெரிதாக வெளியிடப் போகிறார்களாம். அதற்குப் பின் ஐந்து பாட்டு. ஆல்பத்துக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்: அண்டர்கிரவுண்ட்.

நிலவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான். சளியாம்.

22 ஜூன், சனி

அசோக்குமார் காரில் வந்தார். நல்ல மனுஷன், 'வாங்க போங்க' என்றுதான் பேசுகிறார். லொகேஷன் பார்க்கவேண்டும் என்றார். மைன்ஸ் தெரிகிற மேட்டுக்கு நானும் நிலவனும் கூட்டிப்போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் பள்ளம், அதன் அடியில் மெஷின் எல்லாம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டனல் எங்கங்க இருக்கு?"

"டனலே கிடையாது சார். இது ஓப்பன் காஸ்ட்."

"இவ்ளோ ஓப்பனா இருக்கே." அவர் முகம் தொங்கிப்போனது. உடனே தேற்றிக்கொண்டார். "பரவால்ல, சென்னைல செட் போட்டுக்கலாம். இருட்டு சுரங்கம், தலைல லைட் வச்ச ஹெல்மெட், மூஞ்சில கரி. அங்கேர்ந்து நீங்க பாடிக்கிட்டே மேல வர்றீங்க."

"நெய்வேலில அப்படி ஒண்ணு இல்லியே சார்."

"ஆடியன்ஸுக்குத் தெரியாதுங்க."

நிலவன் என் காலை மிதித்தான். கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் என்னவோ போலவும் இருந்தது.

23 ஜூன், ஞாயிறு

அசோக்குமார் கொடுத்துவிட்டுப் போன ஒப்பந்தம் பதினோரு பக்கம், இங்கிலீஷில். மேஜை மேல் வைத்து, "சென்னைல காண்டிராக்ட் குடுத்திருக்காங்க" என்று வாய் விட்டதுதான் தப்பு. அம்மா முந்திரிக் கொட்டை உரித்துக்கொண்டிருந்தது. கை நின்றுவிட்டது.

"அங்கயும் காண்டிராக்டுதானா? பர்மனென்ட் பண்ண மாட்டாங்களாமா?"

"அம்மா, அது வேற காண்டிராக்ட்."

"என்னா வேற? உங்கப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னாங்க."

அப்பா தன் பங்குக்கு, "ரினீவல் எத்தன மாசத்துக்கு ஒருக்கா?" என்று கேட்டார். இருவரையும் திட்டிவிட்டு உள்ளே போய்ப் படித்தேன். மூன்று வருடம். பிறகு அவர்கள் விரும்பினால் புதுப்பிக்கலாம். நான் விரும்பினால் என்று எங்கேயும் காணோம். 'செல்லக்கிளி' என்கிற பெயரில் வேறு எங்கும் பாடக்கூடாது. என் ஆயா வைத்த பெயர். அதில் இவர்களுக்கு என்ன வேலை?

இருந்தாலும் கையெழுத்துப் போடத்தான் ஆசை. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது, இந்த நோட்டை நான் மட்டும்தான் படிக்கிறேன். பெரிய ஸ்பீக்கரில் என் குரலைக் கேட்கவேண்டும். ஜூலை ஏழுக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

24 ஜூன், திங்கள்

ரினீவல் வாரம். காலையிலிருந்தே கவுண்டருக்கு வெளியே வரிசை. பத்தரை மணி இருக்கும், மாரியம்மாள் வந்தார்கள். பாட்டின் முதல் வரியில் இருக்கிற அதே மாரியம்மாள்.

"ஏம்மா, அந்தப் பாட்டு நீ பாடனதா?"

"ஆமாங்க."

"எம் மவ செல்லுல போட்டுக் காட்டுச்சு. மாரியம்மா நாலு வருசம்னு வருது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நாலு இல்லம்மா. பதினாலு."

திரையைப் பார்த்தேன். நாலு வருடம்தான் காட்டியது. சேர்ந்த தேதி இருந்தது. திரையை அவர்கள் பக்கம் திருப்பிக்கூடக் காட்டினேன், மடச்சி.

"இந்த காண்டிராக்டர் வந்துதான் நாலு வருசம். அதுக்கு முன்னாடி வேற ஆளு. அதுக்கும் முன்னாடி இன்னொருத்தரு. அவுங்க மாறிக்கினே இருந்தாங்க. நான் அதே எடத்துல கூட்டிக்கினுதான் இருந்தேன்." பாஸை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். கோபமெல்லாம் இல்லை. "பாஸ்ல தப்பா போட்டா போட்டுக்கினு போறாங்க. பாட்டுலயுமா?"

அதற்குப் பின் வந்த ஆளுக்குப் போட்டோ மாற்றி அடித்துவிட்டேன். 

எனக்குத் தெரியாதா? தெரியும். நல்லா தெரியும். டெண்டர் மாறினா புது காண்டிராக்டர், புது சேர்ந்த தேதி. எங்கப்பா பாஸ்லயும் அப்படித்தான் இருக்கு, அதைப் பாத்து வூட்ல சிரிச்சிருக்கோம். அப்பாவுக்குன்னா உண்மை, ஊரு சனத்துக்குன்னா கம்ப்யூட்டர்ல இருக்கறதா? 'நாலு வருசம்' தாளத்துல டக்குன்னு உக்காந்துச்சு. எடுத்து வச்சிக்கினேன். அவ்ளோதான் நடந்தது. நாலு லட்சம் பேருக்கு முன்னால ஒரு பொம்பளையோட பத்து வருசத்தத் தின்னுட்டு, அதுக்கு லைக் வேற வாங்கியிருக்கேன்.

27 ஜூன், வியாழன்

பாஸ் வாங்க வருகிறவர்களிடம் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டேன். பாட்டில் இருக்கிற பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்குத்தான் சரியாக இருக்கிறது, அந்த மூன்று பேரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். தனகோடியும் நாலு இல்லை, பத்தொன்பது. சேர்ந்தது பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா என்று மட்டும் அவருக்குச் சந்தேகம். பன்னிரண்டு பேரிலேயே சின்ன ஆள் என்று நினைத்திருந்த திலகவதி அக்காவுக்குப் பன்னிரண்டு வருடம்.

அதே பாட்டில் வருகிற விஜயராஜ் அண்ணன் கவுண்டர் ஓட்டைக்குள் தலையை விட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எத்தன வருசம்னா என்னாம்மா, எம் பேர எடுத்துடு. வேல போச்சுன்னா என்னா பண்றது, ரெண்டு பொண்ணு காலேஜ் படிக்குது." எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவரைக் குறை சொல்ல நான் யார்? கேட்காமல் பெயரைப் போட்டவள்.

28 ஜூன், வெள்ளி

நிலவனோடு சண்டை. கடை வாசலிலேயே.

வருடங்களைத் திருத்தி மறுபடி பாடவேண்டும் என்றேன். 'பதினாலு வருசம்' என்று ஒருதரம் பாடிப் பார்த்தான். "தாளம் ஒதைக்குது" என்றான்.

"ஒதைக்கட்டும்."

"இப்ப வந்து இதக் கிளறாத கிளி. கையெழுத்துப் போடற நேரம். கேக்கறவனுக்கு நாலுக்கும் பதினாலுக்கும் என்ன வித்தியாசம்?"

"பத்து வருசம்."

அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். "நீ அண்டர்கிரவுண்ட் அண்டர்கிரவுண்ட்னு பெருமையா திரியற. யாரும் ஆசப்பட்டு கீழ இருக்கறதில்ல. ஏற வழி கெடைக்காதவன் தனக்குத்தானே வச்சிக்கிற பேரு அது. எனக்கு இந்தக் கடைல இன்னும் எத்தன டிஸ்ப்ளே மாத்தணும்னு விதிச்சிருக்கு?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் சொன்னதில் தப்பு இல்லை. அவன் வீட்டில் கொட்டை உரிக்க அம்மாகூட இல்லை, படுத்த படுக்கையான அண்ணன்தான். ஆனாலும் என் வாய் 'சரி' என்று சொல்ல மறுக்கிறது.

2 ஜூலை, செவ்வாய்

அசோக்குமாருக்கு நானே போன் செய்தேன். வருடங்களைத் திருத்தவேண்டும் என்றேன்.

"பேரே வராதுங்க. அந்தப் போர்ஷன தூக்கிட்டு, எல்லா தொழிலாளிக்கும் பொதுவா நாலு வரி எழுதிக்கலாம். லீகல்ல அப்படித்தான் சொல்றாங்க. கேட்டுல நிக்கறேன் மட்டும் திரும்பத் திரும்ப வர்ற ஹூக் லைனா வச்சுக்கறோம்."

பேர் இல்லாமல் அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது? ஒரு கேட் இருக்கிறது.

"அப்புறம் பாட்டுல ஒரு தப்பு இருந்தா மாத்தலாமா சார்?"

"டிராக் லாக் ஆயிட்டா ஒரு சொல்கூட எங்க பர்மிஷன் இல்லாம மாத்த முடியாதுங்க."

"தப்புன்னு யாராவது நேர்ல வந்து நின்னா?"

அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "யாருங்க வருவாங்க?"

போனை வைத்த பிறகும் அதுவே காதில் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் வந்து நிற்கிற ஆள் யாரும் இல்லை. எனக்குக் காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்கிறார்கள். கமெண்டில் சண்டை போடுகிற பையன்களே, வியூஸை எண்ணாதீர்கள், லேபிளைப் பார்க்காதீர்கள். பாட்டில் இருக்கிற ஆள் மறுநாள் வந்து, நீ பாடினது தப்பு என்று சொல்ல முடிகிறதா? அவர் சொன்னால் பாடினவள் திருத்தியே ஆகவேண்டிய இடத்தில் இருக்கிறாளா? அப்படி இருந்தால் அவள் அண்டர்கிரவுண்ட். இது என் கணக்கு. இதில் நான் இன்னும் பாஸ் ஆகவில்லை.

7 ஜூலை, ஞாயிறு

முடியாது என்று சொல்லிவிட்டேன். அசோக்குமார் மரியாதையாகவே பேசினார், பின்னால் வருத்தப்படுவீங்க என்றார். இப்போதே வருத்தமாகத்தான் சார் இருக்கிறது என்றேன். மத்தியானம் வரைக்கும் அழுதேன். சாப்பிட்டேன். மறுபடி கொஞ்சம் அழுதேன்.

9 ஜூலை, செவ்வாய்

நிலவன் தனியாகக் கையெழுத்துப் போடுகிறான், சென்னையில் அவர்களுக்கு பீட் செய்ய. வீட்டுக்கு வந்து சொன்னான். தலையைக் குனிந்துகொண்டே ஒரு பென் டிரைவை நீட்டினான். 'கேட் பாஸ்' பீட், ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக. "இத காண்டிராக்ட்ல சேர்க்கல. இது உன்னுது. போய்க்கினு வரேன்."

திட்ட நினைத்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டேன். பஸ் ஏறும்வரை கூடப் போனேன். 'பதினாலு' வருகிற இடத்தில் டிரம்மை அரை மாத்திரை தள்ளி வைத்திருக்கிறான், திருடன். வீட்டுக்கு வந்து கேட்டபிறகுதான் தெரிந்தது.

13 ஜூலை, சனி

வீட்டிலேயே பதிவு. அம்மா ஃபேனை நிறுத்தி, பக்கத்து வீட்டு மிக்ஸியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தது. ஒவ்வொருவரிடமும் முன்பே கேட்டுவிட்டேன்: பேர் வரலாமா, எத்தனை வருடம் என்று. ஒன்பது பேர் சரி என்றார்கள்.

ஒன்பதாவது பெயர் முடிந்து நிறுத்தப் போனேன். அப்பா கதவோரமாக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பெரியண்ணன்" என்று தன் பெயரைச் சொன்னார். "இருபத்தேழு."

"வேணாம்ப்பா. உங்க காண்டிராக்டர் காதுக்குப் போச்சுன்னா?"

"போவட்டும். இருபத்தேழு வருசம்னு யாரும் எங்கயும் எழுதல. நீயாவது பாடு."

மூன்று முறை குரல் உடைந்தது. நான்காவது முறை சரியாக வந்தது.

20 ஜூலை, சனி

புதிய 'கேட் பாஸ்' போட்டு ஒரு வாரம். பழையதை எடுத்துவிட்டேன், நாலு லட்சமும் போயிற்று. புதியதை ஆயிரத்து நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். பழசுதான் டைட்டாக இருந்தது என்று ஒருவன். அந்த இன்ஸ்டா பக்கம் புதுப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் நான் இல்லை.

மாரியம்மாள் கவுண்டருக்கு வந்தார்கள். ரினீவல் இல்லை, வேலையும் ஒன்றும் இல்லை. "கேட்டேன்" என்றார்கள். "சரியா இருக்கு." போய்விட்டார்கள்.

5 ஆகஸ்ட், திங்கள்

பாட்டில் இல்லாதவர்கள் வந்து வருடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாஸ் கேட்பதுபோல் குனிந்து, பேரையும் வருடக் கணக்கையும் சொல்கிறார்கள். ஒருவர் முப்பத்தொன்று என்றார். இதுவரை இருபத்திரண்டு பேர். வாரம் நாலு பேராகச் சேர்த்துப் பாடிப் போடுகிறேன். இது எங்கே முடியும்? முடிய வேண்டாம்.

30 செப்டம்பர், திங்கள்

காலையில் பாதி வரிசைக்கு ரினீவல் அடித்தேன். நடுவில் என்னுடையதை அடிக்கப் போனேன், திரையில் என் பெயர் இல்லை.

ஆபீஸ் மேனேஜர் கோபாலகிருஷ்ணன் சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆபீஸ் ரெக்கார்ட வெளிய பாடறீங்கன்னு மேலேருந்து சொல்லிட்டாங்கம்மா. என் கைல ஒண்ணுமில்ல."

"ரெக்கார்டுல இருந்தது பழைய பாட்டுதான் சார். புதுசுல இருக்கறது எதுவும் உங்க ரெக்கார்டுல கிடையாது."

அவர் ஃபைலை மூடி வைத்தார். என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெளியே வரிசை அப்படியே நின்றுகொண்டிருந்தது. மாலையில் உட்கார்ந்து ஒரு வரி சேர்த்தேன்: செல்லக்கிளி, நாலு வருசம், பாஸு அடிச்சாங்க. எனக்கு மட்டும் நாலு வருடம் நிஜமாகவே நாலு வருடம்.

11 அக்டோபர், வெள்ளி

பண்ருட்டியில் முந்திரி மொத்தக்கடையில் பில் போடுகிற வேலை. காலை எட்டேகாலுக்கு பஸ். அம்மா கேட்டது: "இது பர்மனென்ட்டா?" சேட்டை பண்ணாமல் இருந்தால் பர்மனென்ட் என்றேன். அப்போ இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

18 நவம்பர், திங்கள்

சாயங்கால பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், முந்திரி பாக்டரியில் இருந்து வருகிறவர்கள். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. ஜன்னலோரம் இருந்தவர் முன்கம்பியில் தட்டிக்கொண்டே மெதுவாகப் பாடிக்கொண்டு வந்தார்.

கண்ணகி, பதினேழு வருசம், கொட்ட ஒடைக்கறாங்க
கேட்டுல நிக்கறேன், வெயில்ல நான்தான்
மூணு மாசத்துக்கு நான்தான்

நான் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "யாரு பாட்டுடி இது?"

"யாருக்குத் தெரியும். எங்க ஷெட்டுல எல்லாரும் பாடிக்கினு இருக்காங்க. அவங்கவங்க பேர வச்சிப் பாடறதுதான்."

என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது, இல்லை என்று எழுத மாட்டேன். முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கிப் போனார்கள். பிறகு இரண்டு ஸ்டாப் வரைக்கும் அந்தக் கடைசி வரியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் வரியில் 'மட்டுந்தான்' என்று ஒரு சொல் உண்டு. அவர் அதை விட்டுவிட்டார். பதினேழு வருடம் அதே இடத்தில் இருக்கிறவருக்கு எதற்கு ஒரு 'மட்டும்'? அவர் பாடினதுதான் சரி.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பாட்டு நோட்டை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.